வலது செருப்பு: 24 கிலோ குறைந்த ஒரு பெண்ணின் பதினான்கு மாதங்கள்

திருகோணமலை நகரில் வாராவாரம் கூடும் ஒரு பெண்கள் குழுவில் நான் உளவளத்துணையாளராக இருக்கிறேன். சீனி, பிரஷர், உடற்பருமன் உள்ள பெண்கள் வருவார்கள். ஒரு தாதி எடை பார்த்துக் கொப்பியில் எழுதுவார், மாதம் ஒருமுறை வைத்தியர் வருவார். கீழே வருவது அந்தக் குழுவில் இருந்த ஒருவருடைய கதை. அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 46. வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். வயதான தாயும் கூட இருக்கிறார். 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல வருடம் முகாம்களில் இருந்துவிட்டு நகரில் தங்கிய குடும்பம். இந்தக் கடைசி விவரத்தை முதல் நாளே கொப்பியில் எழுதியிருந்தோம். எழுதியதோடு சரி. அது எவ்வளவு முக்கியமானது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆடி மாதம் வந்தபோது உயரம் 154 சென்ரிமீற்றர், எடை 91 கிலோ. உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) 38க்குக் கொஞ்சம் மேலே. ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2004 இல் வகுத்திருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சீனி (எச்பிஏ1சி) 9.1. சீனிக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்ளசைடும் எடுத்துக்கொண்டிருந்தார், பிரஷருக்கு இன்னொரு குளிசை. முழங்கால் வலி காரணமாக நிலத்தில் இருக்க மாட்டார். உயரமான மேசையில் உரலை வைத்து, நின்றபடியேதான் இடியப்பம் பிழிவார்.

முதல் நான்கு மாதங்கள்

இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டினார், பால் தேத்தண்ணியை விட்டுப் பிளேன்ரீக்கு மாறினார். காலை ஐந்தரைக்கு டச்சு வளைகுடாக் கரையில் இன்னும் இரண்டு பெண்களுடன் நடந்தார். பதினாறு வாரத்தில் 11 கிலோ குறைந்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோட்டை வாசலில் தொடங்கிக் கோணேசர் கோயில் வரை இடையில் நிற்காமல் ஏறிவிட்டார். வழியில் மான்களுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவதுதான் பல வருடப் பழக்கமாம், அன்று மான்களைப் பார்க்கவே மறந்துபோனாராம்.

குறட்டையும் நின்றுபோனது. கணவர் இரவில் இரண்டு தடவை எழும்பி, இவருக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். குழுவில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

அந்த வாரம் நாங்கள் அவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கைதட்டினோம். மற்றவர்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று நினைத்தோம். இன்று யோசித்தால், இந்தக் கதையில் எங்கள் பக்கத்து முதல் தவறு அதுதான்.

கந்தசஷ்டியும் அதன் பிறகும்

ஐப்பசிக் கடைசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம். மூன்றாம் நாள் முற்பகலில் உடம்பு நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக் குசினியில் இருந்துவிட்டார். மகள் சீனித்தண்ணி கொடுத்து, வீட்டிலிருந்த கருவியில் பார்த்தபோது இரத்தச் சீனி 58க்கு இறங்கியிருந்தது. சாப்பிடாமல் கிளிக்ளசைட் போட்டிருக்கிறார். அந்தக் குளிசை சதையியிலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்து வேலை செய்யாது. அதோடு 11 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு அதிகமாகிவிட்டது. வைத்தியர் அடுத்த நாளே கிளிக்ளசைடை நிறுத்தினார். எழும்பும்போது தலை சுற்றுவதாகச் சொன்னதால் பிரஷர்க் குளிசையையும் பாதியாக்கினார். எடை குறையக் குறைய மருந்தின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. எந்தக் கிலோவில் பார்ப்பது, யார் பார்ப்பது என்று மட்டும் யாரும் வகுத்து வைத்திருக்கவில்லை.

அவர் அந்த விரதத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஆறு நாளில் எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று தாதி சொன்னார், அவர் காதில் ஏறவில்லை. தை மாதக் கடைசியில் தங்கை மகளின் கல்யாணம். இரவுச் சாப்பாட்டை விட்டார், பிறகு சோற்றையே விட்டார். மார்கழியில் அவர் ஒரு நாள் முழுவதும் சாப்பிட்டது பப்பாசி, வெள்ளரிக்காய், இரண்டு பிளேன்ரீ, கொஞ்சம் சொதி. எழுநூறு கலோரியும் இருந்திருக்காது. இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தராசு காட்டிய எண் சந்தோஷம் தந்தது, அதனால் கேள்வி எழவே இல்லை. ஒன்பது வாரத்தில் 80 கிலோ 67 ஆனது. வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அந்த வேகத்தில் குறைந்தால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடும். அதையும் அப்போது நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் கல் இருக்கவில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம்.

அவர் சொன்னவை, நாங்கள் கேட்காதவை

தையில் அவரை இரண்டு தடவை தனியாகச் சந்தித்து விரிவாகப் பேசினேன். கார்த்திகை, மார்கழியில் என்னவெல்லாம் நடந்தது என்பது அப்போதுதான் கோர்வையாக வெளிவந்தது.

முதலில் குளிர். வாடைக்காற்றில் ஊரே கொஞ்சம் குளிரத்தான் செய்யும், ஆனால் இவர் இடியப்பம் அவிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே மகனின் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பஸ் இருக்கையில் இருந்தால் இடுப்பெலும்பு குத்துகிறது. கல்யாண மோதிரம் மாவுக்குள் கழன்று விழுந்து, ஒரு இடியப்பத் தட்டு முழுவதையும் பிரித்துத் தேடியிருக்கிறார். தலைமயிர் சீப்போடு கொத்தாக வந்தது. கையின் மேல்பகுதியில் தோல் தொங்கியதால் சட்டைக் கையை முழங்கை வரை நீட்டித் தைக்கக் கொடுத்தார். "மெலிஞ்சா வடிவா இருப்பன் எண்டு நினைச்சன் மிஸ். உடுப்பு இல்லாமப் பாத்தா நான் இன்னொரு கிழவி" என்றார்.

பிறகு மற்றவர்களின் பேச்சு. சந்தையில் மீன்காரர், "என்ன தங்கச்சி, உடம்புக்கு ஏதும் வருத்தமோ?" என்று கேட்டாராம். கோயிலில் ஒருவர் குரலைத் தாழ்த்திப் புற்றுநோயா என்று விசாரித்திருக்கிறார். நம் ஊரில் உடம்பு வைப்பது செழிப்பு, இளைப்பது வருத்தம். ஒருவர் தானாக விரும்பி இளைப்பார் என்பது எளிதில் நம்பக்கூடிய காரணமாக இன்னும் ஆகவில்லை. கணவர் நேராக எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே, "புதுச் சட்டை எல்லாம் ஆருக்கு?" என்று ஒரு நாள் சொன்னார். சேர்ந்து நடந்த தோழிகளில் ஒருத்தி வேறு நேரத்தில் நடக்கத் தொடங்கினாள். அவளுக்கு எடை குறையவில்லை. எங்கள் கைதட்டலையும் அவள் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தாள்.

அன்பாகப் பேசுகிறவர்களிடமும் அவருக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லத்தான் அதிக நேரம் எடுத்தார். "கடைக்காரர் இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கிறார். பத்து வருசமா அதே கடைக்குத்தான் இடியப்பம் குடுக்கிறன். அப்ப அவருக்கு முந்தி வந்த மனிசி ஆர்?" பழைய தன்னை எல்லோரும் சேர்ந்து அவமதித்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அதே சமயம், கேற்றைப் பாதி திறந்து பக்கவாட்டில் திரும்பி நுழையும் பழக்கம் அவரை விடவில்லை. நேராகவே போகலாம், இடம் இருக்கிறது. கண்ணுக்கு அது தெரிந்தது, உடம்பு இன்னும் நம்பவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் பசி இருந்தது. இரவு பதினொரு மணிக்குப் படுத்தபடியே போனில் சமையல் வீடியோக்கள் பார்ப்பாராம், கொத்துரொட்டி போடுவதை மட்டும் ஒரு மணிநேரம். பசி ஏறியதும் தூக்கம் கலைந்து, முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்ற காட்சிகள் வந்தன. இடம்பெயர்ந்த பிறகு தன் வீட்டில் சோற்றுப்பானையை ஒருநாளும் அவர் வெறுமையாக விட்டதில்லை. யாரும் வராவிட்டாலும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே அரிசி போடுவார். சாப்பாடு அவருக்குப் பாதுகாப்பு. அதை நாங்கள் கலோரி என்று மட்டும் எண்ணினோம். மார்கழியில் தாய் இவர் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "முகாமில இருக்கேக்க இருந்த முகம் இது, பிள்ளை" என்று அழுதிருக்கிறார். அன்றுதான் இவரும் முதல் தடவையாக அழுதார்.

ஆனாலும் ஒரு சந்தோஷம் இருந்தது. முழங்கால் வலி குறைந்ததால் மேசையை விட்டுவிட்டுத் தாழ்ந்த பலகையில் இருந்து இடியப்பம் பிழியத் தொடங்கினார், வலது காலை மடக்கி ஒரே இருப்பில் இரண்டு மணிநேரம். வேலை முடிந்ததும் விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, வலது காலை இடது முழங்காலின் மேல் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். "இருபது வருசத்துக்குப் பிறகு காலுக்கு மேல கால் போட்டு இருந்தன் மிஸ். ஆரும் பாக்கேல்லத்தான். ஆனா எனக்குத் தெரியும்தானே."

பொங்கல் காலை

தைப்பொங்கல் அன்று முற்றத்தில் மகள் கோலம் போட்டிருந்தாள். பானையைத் தூக்கிக்கொண்டு அதன் ஓரமாகப் போனவரின் வலது பெருவிரல் நிலத்தில் இழுபட்டு, கோலத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு விழுந்தது. மகள் சத்தம் போட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். பாதத்தை மேலே தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பாரிசவாதம் என்று வீடு அலறியது. பொங்கலை அப்படியே விட்டுவிட்டுக் கணவர் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அது சரியான முடிவு. திடீரென்று ஒரு பக்கம் வலுவிழந்தால் வீட்டில் இருந்து காரணம் யோசிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் முகம், பேச்சு, கை எல்லாம் சரியாக இருந்தன. குதியில் நடக்கச் சொன்னபோது வலது பாதம் தொங்கியது, நுனிக்காலில் நிற்க முடிந்தது. முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே உருண்டையாகத் தெரியும் எலும்புத் தலையை வைத்தியர் விரலால் தட்டினார், பாதத்தின் மேல்பக்கம் மின்சாரம் ஓடியதுபோல் கூசியது. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பு அந்த இடத்தில் தோலுக்கு மிக அருகில், எலும்பைச் சுற்றிப் போகிறது. வழக்கமாக அதன்மேல் கொஞ்சம் கொழுப்பு மெத்தைபோல இருக்கும். வேகமாக இளைத்தவர்களில் அந்த மெத்தையும் போய்விடுகிறது. பிறகு கால்மேல் கால் போட்டாலும், நெடுநேரம் குந்தியோ காலை மடக்கியோ இருந்தாலும் நரம்பு நசுங்கும். இரண்டாம் உலகப் போர்க் கைதிகளிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது. சீனி உள்ளவர்களின் நரம்பு அழுத்தத்தைத் தாங்குவதும் குறைவு. மெட்ஃபோர்மின் பல வருடம் எடுத்தால் பி12 குறையலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. தைரொயிட்டிலும் குறை இல்லை. ஹீமோகுளோபின் 10.4, இரும்புச் சேமிப்பு மிகக் குறைவு.

செய்தி கேள்விப்பட்ட அன்று பின்னேரம் என் கொப்பியைப் புரட்டினேன். மார்கழிக் கடைசி வாரத்தில், அவர் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "வலது செருப்பு காலில் நிற்குதில்லையாம். காலும் மெலிந்துவிட்டது (சிரிப்பு)."

கால் மெலிந்தால் இரண்டு செருப்பும் கழரும். ஒரு செருப்பு மட்டும் கழருகிறது என்றால் அந்தப் பாதம் அதைப் பிடிக்கவில்லை. அவர் 'வலது' என்று சொல்லியிருக்கிறார், நானும் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். தராசுக்கு முன்னால் வரிசை நின்றது, எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தோம். எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எடுத்த முடிவுகள்

வைத்தியர், இயன்மருத்துவர், தாதி, நான் நால்வரும் இருந்து பேசினோம். எடைக்குறைப்பை எட்டு வாரம் முழுமையாக நிறுத்துவது என்பது வைத்தியரின் யோசனை. தாதிக்கு அதில் உடன்பாடு இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டது போய்விடும், குழுவில் மற்றவர்களும் மனம் விடுவார்கள் என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எடை குறைந்த உடம்பில் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்ரின் குறைகிறது, ஆறியிருக்கும்போது செலவாகும் சக்தியும் கணக்கிட்டதைவிடக் குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட உடம்பில் எடை மீண்டும் ஏறுவது சுலபம். இருந்தாலும் நரம்பும் இரத்தமும் மயிரும் சாப்பாடு கேட்டுக்கொண்டிருந்தன. ஏறினால் ஏறட்டும் என்று முடிவு செய்தோம்.

காலை இரண்டு முட்டை, மத்தியானம் ஒரு கோப்பை சோறும் உள்ளங்கை அளவு மீனும் பருப்பும் கீரையும், பின்னேரம் அவித்த கடலை, இரவு இடியப்பத்தோடு மீன் சொதி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 கிராம் புரதம் சேர வேண்டும் என்பது கணக்கு. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுக்க வேண்டாம், தேசிக்காய்த் தண்ணியோடு எடுக்கச் சொன்னார்கள். காலுக்குக் கணுக்காலைத் தாங்கும் சிம்பு, தினமும் பயிற்சி. பலகை வேண்டாம், சம்மணம் வேண்டாம், கால்மேல் கால் கண்டிப்பாக வேண்டாம். இதில் கடைசிதான் அவருக்கு மிகவும் வலித்தது.

மயிருக்கு எண்ணெய் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்றோம். உடம்பு பட்டினியை உணர்ந்ததும் நிறைய மயிர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போகும், இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து ஒன்றாக உதிரும். இப்போது விழுவது ஐப்பசி, கார்த்திகையின் கணக்கு. சாப்பாடு சரியானால் திரும்ப வளரும். இதைக் கேட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

என் பங்கு மனம் சார்ந்தது. 1944, 45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றி அவருக்குச் சொன்னேன். ஆரோக்கியமான 36 ஆண்கள், 24 வாரம் அரைப்பட்டினி, எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. அவர்களும் குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்தார்கள், சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தொடக்கத்தில் சாதாரண எடையில் இருந்தவர்கள் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் 91 இல் 24 போனதும் கால்பங்கைத் தாண்டிய கணக்குத்தான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆம்பிளையளுமா சமையல் பாத்தவை?" என்று கேட்டார். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

தாயையும் கணவரையும் ஒருநாள் சேர்த்து இருத்திப் பேசினோம். தாய் தன் பயத்தைச் சொன்னார். கணவர் சொன்னது நான் எதிர்பாராதது: "இவ ஏதோ வருத்தத்தை மறைக்கிறா எண்டுதான் நான் நினைச்சன்." சட்டையைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைக்குள் சந்தேகம் இருந்ததென்று நானும் எண்ணியிருந்தேன். அதில் பயமும் இருந்திருக்கிறது.

அதன் பின்

கல்யாணத்துக்குப் போனார். சேலைக்குள் சிம்பு தெரியவில்லை, சப்பாத்து மட்டும் தெரிந்தது. மாசிக் கடைசியில் பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. சித்திரைக்குள் எடை நான்கு கிலோ ஏறி 71 ஆனபோது பயந்துபோய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மகள் எனக்குப் போன் பண்ணினாள். அந்த வாரம் தராசில் ஏற்றாமல் பேச மட்டும் செய்தோம். வைகாசியில் சிம்பைக் கழற்றினார்கள். ஆனியில் நெற்றியோரம் குட்டி மயிர் முளைத்தது, மகள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

பதினான்காம் மாத முடிவில் எடை 71இலேயே நிற்கிறது. எச்பிஏ1சி 6.6, கிளிக்ளசைட் இல்லை. நன்றாக நடக்கிறார், பாதத்தின் மேல்பக்கம் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் விறைப்பு மீதி இருக்கிறது. தொங்கும் தோல் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. தோழி இன்னும் அவரோடு நடக்க வரவில்லை. முகாம் நினைவுகளுக்காக மாதம் இருமுறை என்னிடம் வருகிறார், அதற்கு இன்னும் காலம் எடுக்கும். கூடுதலாகப் போடும் ஒரு ஆள் சோற்றை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்று தாதி கேட்டார். வேண்டாம் என்றேன். அது இப்போது பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் போகிறது.

மாற்றிக்கொண்டவை

சேரும் நாளிலேயே, எடை குறைந்தால் குளிரும், மயிர் கொட்டலாம், கோபம் வரும், ஊர் கேள்வி கேட்கும், காலை மடக்கி நெடுநேரம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறோம். இவருக்கு இவற்றில் ஒன்றையும் நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் புதிய நோயாகவோ தனக்குக் கிடைத்த தண்டனையாகவோ அவர் தனியாகவே சுமந்தார். ஐந்து கிலோ குறையும்போதெல்லாம் மருந்துச் சீட்டு வைத்தியரிடம் திரும்பப் போகிறது. விரத காலம் வருமுன் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்கிறோம். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பாராட்டாமல், என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் விசாரிக்கிறோம். கைதட்டலை நிறுத்திவிட்டோம். இடம்பெயர்வு, முகாம், பட்டினி பற்றிய கேள்வியை நான் தனியாக, அவசரமில்லாமல் கேட்கிறேன். இங்கே அந்தக் கேள்வி பொருந்தாத வீடு குறைவு.

கொப்பியில் எடைக்கு முன்னால் இன்னொரு நிரல் போட்டிருக்கிறோம், அந்த வாரம் உடம்பில் புதிதாகக் கண்ட எதையும் எழுத. போன கிழமை ஒருவர், மோதிரம் கழருகிறது என்றார். எந்தக் கை என்று கேட்டோம், செருப்பையும் கேட்டோம். கதிரையில் இருத்தி இரண்டு பாதத்தையும் மேலே தூக்கச் சொன்னோம். தூக்கினார். பிறகுதான் தராசில் ஏற்றினோம்.